ஸ்பானிஷில் "எதுவானாலும் சரி" சொல்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஸ்பானிஷ் கற்கத் தொடங்கும் தமிழர்கள் முதல் சில வாரங்களிலேயே "மெ டா இகுவால்" என்ற தொடரைப் பிடித்துக்கொள்வார்கள். "எனக்கு எல்லாம் ஒன்றுதான்" என்று பொருள் கண்டு, காபியா டீயா என்றாலும், யாராவது மன்னிப்புக் கேட்டாலும், "இங்கே உட்காரலாமா?" என்று கேட்டாலும் அதையே சொல்வார்கள். இந்த மூன்றில் ஓர் இடத்தில்தான் அது பொருந்தும். மற்ற இரண்டில், எதிரே இருப்பவர் முகம் சுருங்கும்.

தொடரைத் தெரிந்துகொண்டால் மட்டும் போதாது. எதைப் பற்றி நமக்கு விருப்பு வெறுப்பு இல்லை, முடிவை யார் கையில் கொடுக்கிறோம் என்ற இரண்டும் தெளிவாக வேண்டும். அந்த வரிசையில்தான் கீழே போகிறேன். ஐந்தாம் படிவரை கற்றாலே அன்றாடப் பேச்சு ஓடும். அதற்குப் பின் உள்ளவை பெரும்பாலும் காதில் விழுந்தால் புரிந்துகொள்வதற்காக.

1. தொடங்குமுன் வேண்டியவை

முதலில் இங்கே எழுதியிருக்கும் முறை. நெடில் வரும் இடத்தில் அழுத்தம் விழும். உண்மையில் ஒலி நீளாது. ஸ்பானிஷில் உயிர்கள் எல்லாம் குறில் அளவுதான். அழுத்தத்தை இடம் மாற்றினால் பொருள் மாறக்கூடும் என்பதால் இந்தக் குறி.

ப், த், க் இரட்டித்தாலோ சொல்லின் முதலில் வந்தாலோ வல்லொலி. "இம்ப்போர்த்த" என்று விகாரமாக எழுதியிருப்பதும் அதற்காகத்தான். "இம்போர்த" என்று எழுதினால் தமிழ் நாக்கு தானாகவே மெலிந்துவிடும். "பியேன்", "ப்லேதொ" இரண்டும் விதிவிலக்கு. அவற்றில் "பஸ்" என்பதன் ப.

"ட" எழுதியிருந்தால் "அந்த" என்பதில் வரும் த ஒலி. நாக்கு பல்லைத் தொட வேண்டும், அண்ணத்தை அல்ல. "மெ டா" என்பதைச் சேர்த்து வேகமாகச் சொன்னால் நம் "மேதை"யில் வரும் ஒலி கிடைக்கும். இந்த இடத்தில் தமிழருக்கு ஒரு சௌகரியம்: உயிர்களுக்கு இடையே த, க மெலிவது நமக்குப் பழகிய விஷயம். "இகுவால்" என்பதன் க-வும் அப்படியே.

ஸ்பெயினின் பெரும்பகுதியில் நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்லும் ஒலியை, லத்தீன் அமெரிக்காவில் சொல்வதுபோல் ஸ என்றே எழுதியிருக்கிறேன்.

இலக்கணத்தில் மூன்று விஷயங்கள் முன்பே தெரிந்திருந்தால் நல்லது. ஒன்று, "மெ கூஸ்த்த" (எனக்குப் பிடிக்கும்) என்ற அமைப்பு. இதில் "காந்தி"யின் க. இரண்டு, "தூ" (நீ), "உஸ்த்தேத்" (நீங்கள்) வேறுபாடு. மூன்று, சப்ஜங்டிவ் என்ற வினைவடிவம் இருக்கிறது என்ற அளவுக்காவது அறிமுகம். அதன் வாய்ப்பாடு முழுவதும் வேண்டாம். பாடப்புத்தகங்கள் சப்ஜங்டிவை இடைநிலைக்குத் தள்ளிவைக்கும். ஆனால் "கியேரஸ்" என்ற ஒரே ஒரு வடிவத்தை முதல் மாதமே மனப்பாடம் செய்துவிடுவது என் பரிந்துரை. காரணம் நான்காம் படியில்.

2. நீங்கள் சொல்ல வருவது எது என்று பிரியுங்கள்

தமிழில் "பரவாயில்லை" ஒன்றை வைத்தே பல வேலைகளை முடித்துவிடுகிறோம். ஸ்பானிஷில் ஒவ்வொரு வேலைக்கும் தனித் தொடர். ஆகவே வாயைத் திறக்குமுன் இதைப் பிரிக்க வேண்டும்.

இரண்டில் எது வந்தாலும் எனக்குச் சமம் என்றால், "மெ டா இகுவால்" குடும்பம். நீ செய்யப்போவதால் எனக்கு இடைஞ்சல் இல்லை என்றால், "நோ மெ இம்ப்போர்த்த". மன்னிப்புக் கேட்டவருக்குச் சொல்லும் பரவாயில்லை என்றால், "நோ பாஸ நாத". சாப்பாடு பரவாயில்லை, மோசமில்லை என்றால், "நோ எஸ்த்தா மால்". பிடிக்கவும் இல்லை, பிடிக்காமலும் இல்லை என்றால், "நி ஃபூ நி ஃபா". அந்த விஷயமே எனக்கு ஒரு பொருட்டல்ல என்றால், ஒன்பதாம் படியில் வரும் கடுமையான தொடர்கள்.

அதிகம் தடுக்கி விழுவது மன்னிப்பில்தான். தாமதமாக வந்த தோழி "பெர்தோன்" என்கிறாள். நாம் "பரவாயில்லை" என்று நினைத்து "மெ டா இகுவால்" என்கிறோம். அவள் காதில் விழுவது: "நீ மன்னிப்புக் கேட்டாலும் ஒன்றுதான், கேட்காவிட்டாலும் ஒன்றுதான்." அங்கே "நோ பாஸ நாத" மட்டுமே.

3. அடித்தளத் தொடர்: "எனக்கு"வில் தொடங்குங்கள்

மெ டா இகுவால். சொல்லுக்குச் சொல் பார்த்தால் "எனக்கு – தருகிறது – சமமாக". இதில் "நான்" எழுவாய் அல்ல. "எனக்கு"தான் முன்னால் நிற்கிறது. நமக்கு இது இயல்பாகவே வர வேண்டும். "எனக்குப் பிடிக்கும்", "எனக்கு வேண்டும்", "எனக்கு ஒன்றுதான்" என்று பேசிப் பழகியவர்கள் நாம். ஆங்கிலம் வழியாகப் போகிறவர்கள்தான் சிக்கிக்கொள்கிறார்கள்.

அப்படிச் சுற்றிப் போகிறவர்கள் செய்யும் பிழைகள் கிட்டத்தட்ட எப்போதும் ஒரே மாதிரி. "யோ நோ குயீதொ" என்பார்கள். அதற்கு "நான் பராமரிப்பதில்லை" என்று பொருள், குழந்தையையோ செடியையோ. "நோ இம்ப்போர்த்தொ" என்பார்கள்; "என்னை யாரும் பொருட்படுத்துவதில்லை" என்ற சோகக்கதை ஆகிவிடும். "ஸோய் இகுவால்" என்றால் நானும் அதே மாதிரி ஆள் என்று பொருள். தமிழிலிருந்து நேரே ஸ்பானிஷுக்குப் போங்கள். இந்தத் தொடரில் அதுதான் குறுக்குவழி.

ஆளுக்கேற்ப மாறுவது முன்னால் இருக்கும் சிறு சொல்தான். தெ டா இகுவால், உனக்கு. லெ டா இகுவால், அவருக்கு அல்லது உங்களுக்கு. நொஸ் டா இகுவால், நமக்கு. லெஸ் டா இகுவால், அவர்களுக்கு. யாருக்கு என்று அழுத்திச் சொல்ல "அ மீ" சேர்க்கலாம்: "அ மீ மெ டா இகுவால்", எனக்கு மட்டுமாவது எல்லாம் ஒன்றுதான். "அ மீ" சேர்த்ததற்காக "மெ"யை விட்டுவிடக் கூடாது, இரண்டும் வேண்டும்.

திருப்பிக் கேட்கும்போதும் அதே வேற்றுமை தொடர வேண்டும். "உனக்கு?" என்பது "இ அ தீ?". "இ தூ?" என்றால் "நீ?" ஆகிவிடும். "எனக்கும்தான்" என்பது "அ மீ தம்பியேன்". "யோ தம்பியேன்" அல்ல. எனக்கும், நானும் என்ற வித்தியாசத்தைத் தமிழில் யாரும் குழப்புவதில்லை. அந்தக் காதையே இங்கேயும் நம்புங்கள்.

பொருட்கள் பன்மையானால் வினை மட்டும் மாறும்: "மெ டான் இகுவால் லஸ் க்ரீத்திக்கஸ்", விமர்சனங்கள் எனக்கு ஒரு பொருட்டல்ல. "இகுவால்" அப்படியே நிற்கும். "இகுவாலெஸ்" என்று பன்மையாக்கக் கூடாது. இந்தத் தொடரில் அது விமர்சனங்களை வருணிக்கும் பெயரடை அல்ல, அதனால்தான்.

இறந்தகாலத்தில் "மெ டாவ இகுவால்". அந்தச் சமயத்தில் எனக்கு எதுவானாலும் சரி என்றுதான் இருந்தது என்று பின்னணி சொல்ல இதுவே போதும்.

இதே பொருளில் "மெ டா லொ மீஸ்மொ" உண்டு. அர்ஜென்டினாவிலும் சிலியிலும் இதை மிகுதியாகக் கேட்பீர்கள். "மெ எஸ் இகுவால்" என்பதும் புரியும். அலுவலகத் தொனி வேண்டுமென்றால் "மெ எஸ் இந்திஃபெரேந்த்தெ" அல்லது "நோ தேங்கொ ப்ரெஃபெரேன்ஸிய". நேர்முகத் தேர்வில் "காலை வேலையா, மாலை வேலையா?" என்று கேட்டால் கடைசியாகச் சொன்னதுதான் பாதுகாப்பானது.

ஓர் எச்சரிக்கை. "இகுவால்" என்ற சொல்லைத் தனியே விடாதீர்கள். ஸ்பெயினில் "இகுவால் வோய்" என்றால் "ஒருவேளை போவேன்". சிலியில் அதே சொல் "இருந்தாலும்" என்ற பொருளில் பேச்சு முழுவதும் தூவப்பட்டிருக்கும்.

4. முடிவை எதிரே இருப்பவரிடம் கொடுங்கள்

மரியாதை இருப்பது இந்தப் படியில். "மெ டா இகுவால்" உங்கள் நிலையை மட்டும் சொல்கிறது. அடுத்து என்ன செய்வது என்று சொல்லவில்லை. கேட்டவர் அதே கேள்வியோடு நிற்கிறார். அதனால் "உன் விருப்பப்படி" என்ற பகுதி வேண்டும்.

அதற்கான அச்சு எளிது: கேள்விச்சொல்லின் உறவுச்சொல், அடுத்து "கியேரஸ்".

லொ கெ கியேரஸ், எது வேண்டுமானாலும். கோமொ கியேரஸ், எப்படி வேண்டுமானாலும். டோந்தெ கியேரஸ், எங்கே வேண்டுமானாலும். குவாந்தொ கியேரஸ், எப்போது வேண்டுமானாலும். கியேன் கியேரஸ், யார் வேண்டுமானாலும். கண்முன்னே இருக்கும் சிலவற்றில் ஒன்றைத் தேர்வதென்றால் "எல் கெ கியேரஸ்". பொருள் பெண்பாலானால் "ல கெ கியேரஸ்".

"லொ கெ", "எல் கெ" இரண்டையும் பலர் மாற்றிப் போடுகிறார்கள். இரவு என்ன சாப்பிடலாம் என்று கேட்டால் எதிரே எதுவும் இல்லை. ஆகவே "லொ கெ கியேரஸ்". மேசைமேல் இரண்டு புத்தகங்களை வைத்து எது வேண்டும் என்று கேட்டால் "எல் கெ கியேரஸ்". கேள்வியில் "கே" வந்ததா, "குவால்" வந்ததா என்று கவனித்தால் போதும். "கே" என்றால் லொ கெ. "குவால்" என்றால் எல் கெ அல்லது ல கெ.

இப்போது சப்ஜங்டிவ். "கியேரெஸ்" சாதாரண நிகழ்காலம், "கியேரஸ்" சப்ஜங்டிவ். நடுவில் எ, அ என்ற ஓர் உயிர்தான் வேறுபாடு. "லொ கெ கியேரெஸ்" என்றால், உன் மனதில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அந்தக் குறிப்பிட்ட பொருள். "லொ கெ கியேரஸ்" என்றால், நீ இனிமேல் எதைச் சொன்னாலும் அது. தமிழில் "நீ கேட்டது", "நீ எதைக் கேட்டாலும்" என்ற இரண்டுக்கும் உள்ள தூரம். இன்னும் முடிவாகாததைக் காட்டும் வடிவம் சப்ஜங்டிவ் என்பதால், முடிவை ஒருவரிடம் விடும் தொடர்கள் எல்லாவற்றிலும் அது வருகிறது. இலக்கணப் புத்தகத்தில் பத்துப் பக்கம் படிப்பதைவிட இந்த ஒரு சொல்லை ஆயிரம் முறை சொல்லிப் பழகுவது மேல்.

"உஸ்த்தேத்" என்று பேசும் இடத்தில் "கியேர": லொ கெ கியேர. பலரிடம் பேசினால் "கியேரன்". மெக்சிகோவில் இன்னும் பணிவாக "கோமொ கூஸ்த்தெ" என்பார்கள். அர்ஜென்டினாவில் "தூ"வுக்குப் பதில் "வோஸ்" வந்தாலும் இந்தத் தொடரில் "கியேரஸ்" மாறாது, நிம்மதி.

கட்டளை வடிவமும் உண்டு. "எலீஹெ தூ", "டெஸீதெ தூ": நீயே தேர்ந்தெடு, நீயே முடிவு செய். "தூ" வினைக்குப் பின்னால் வர வேண்டும். அந்த இடத்தில்தான் அது "நீயே" என்ற ஏகாரத்தின் வேலையைச் செய்கிறது.

5. இரண்டையும் சேர்த்து, ஒரு சாய்வும் வையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பழக்கத்தைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: "மெ டா இகுவால்" என்று சொல்லிவிட்டு முற்றுப்புள்ளி வைக்காதீர்கள்.

"பீத்ஸ ஒ பாஸ்த்த?"
"மெ டா இகுவால், லொ கெ தூ கியேரஸ். அ தீ கே தெ அப்பெத்தேஸெ?"

முதல் பகுதி என் நிலை. இரண்டாவது, முடிவு உன்னுடையது. மூன்றாவது, உனக்கு எது சாப்பிடத் தோன்றுகிறது என்ற கேள்வி. இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. கேள்வியில் முடித்தால் பேச்சு அடுத்தவர் பக்கம் போகிறது. மாற்றிப் போட்டு "மெ டா இகுவால்" கடைசியில் வந்தால், அதுவே காதில் நிற்கும், சலிப்பாகக் கேட்கும். "அப்பெத்தேஸெ" ஸ்பெயினில் மிகுதி. மெக்சிகோவில் அதே இடத்தில் "கே ஸெ தெ அன்த்தோஹ?" என்று கேட்பார்கள்.

நம்மவர்களுக்கு இன்னொரு சங்கடம். விருந்தாளியாகப் போனால் "எதுவானாலும் சரி" என்பதே பண்பு என்று வளர்ந்திருக்கிறோம். ஸ்பானிஷ் பேசும் வீட்டில், முக்கியமாக ஸ்பெயினில், இரண்டு முறை கேட்ட பிறகும் அதையே சொன்னால் வேலையை அவர்கள் தலையில் கட்டுவதாக ஆகிவிடும். இரண்டாம் முறை கேட்டால் ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுங்கள்.

அதற்குத்தான் சாய்வுத் தொடர்கள். "காஸி ப்ரெஃபியேரொ தே": கிட்டத்தட்ட டீயே இருக்கட்டும் என்று தோன்றுகிறது. "ஸி தேங்கொ கெ எலெஹீர், தே": தேர்ந்தெடுத்தே ஆக வேண்டுமென்றால் டீ. "மெ டா இகுவால், பேரொ ஸி அக்காஸொ, தே": எதுவானாலும் சரி, சொல்லப்போனால் டீ. இவற்றில் கட்டாயமும் இல்லை, கைவிரிப்பும் இல்லை.

கடையிலும் பாரிலும் கதை வேறு. ஸ்பெயினில் பால்காபி கேட்டால் "ல லேச்செ, கலியேந்த்தெ ஒ தெம்ப்லாத?" என்று பரிசாரகர் கேட்பது வழக்கம்: பால் சூடாகவா, வெதுவெதுப்பாகவா? அவருக்கு உங்கள் மனநிலை தேவையில்லை, ஒரு சொல் தேவை. "கலியேந்த்தெ" என்று சொல்லி முடித்துவிடுங்கள். வரிசையில் பின்னால் ஆள் நிற்கும்போது "லொ கெ உஸ்த்தேத் கியேர" என்று பணிவு காட்டினால் அவர் மறுபடியும் கேட்பார்.

6. "குவல்க்கியேர": பயன் உண்டு, பள்ளமும் உண்டு

"எதுவாவது ஒன்று" என்பதற்கு இந்தச் சொல். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் கடைசி அ உதிர்ந்து "குவல்க்கியேர்" ஆகும்: குவல்க்கியேர் டீய, எந்த நாளானாலும். தனியாக நின்றால் முழு வடிவம்: "குவல்க்கியேர", எதுவானாலும். இந்த இறுதி அ பால் காட்டுவதல்ல. ஆண்பால் பெயருக்கு ஒன்று, பெண்பாலுக்கு ஒன்று என்று மாற்றிப் பார்ப்பது வீண்வேலை.

இரண்டில் ஒன்று என்றால் "குவல்க்கியேர டெ லொஸ் டோஸ்". இதனோடு "மெ வியேனெ பியேன்" (எனக்கு வசதிப்படும்) சேர்த்தால் அருமையான, யாரையும் உறுத்தாத பதில் கிடைக்கும். சந்திப்புக்கு நேரம் குறிக்கும்போது நான் "மெ டா இகுவால்" சொல்வதையே தவிர்ப்பேன். "குவல்க்கியேர டெ லொஸ் டோஸ் மெ வியேனெ பியேன்" என்பேன். விருப்பமின்மை அதே அளவுதான், ஆனால் சேர்ந்து செய்யும் ஆர்வம் அதில் தெரிகிறது.

பெயருக்குப் பின்னால் வைத்தால் மதிப்புக் குறையும். "உன் லீப்ரொ குவல்க்கியேர" என்றால் ஏதோ ஒரு சாதாரணப் புத்தகம். லீப்ரொவில் "பஸ்"ஸின் ப. மனிதர்களுக்கு இப்படிச் சொல்வதைத் தொடவே வேண்டாம். ஒரு பெண்ணை "உன குவல்க்கியேர" என்பது அவள் நடத்தையைப் பழிக்கும் வசை. "யாரோ ஒரு பெண்" என்று சொல்ல நினைத்து இதில் விழுபவர்கள் உண்டு. யாரோ ஒருவர் என்பதற்கு "அல்கியென்" இருக்கிறது. அதில் க மெலிந்து ஒலிக்கும், அழுத்தம் முதல் அசையில்.

7. "வந்தாலும் வராவிட்டாலும்": வாக்கியத்தை இணைத்தல்

ஒரு பொருளைப் பற்றி அல்லாமல் ஒரு நிகழ்ச்சியைப் பற்றி "எதுவானாலும் சரி" என்று சொல்ல இரண்டு வழி.

"மெ டா இகுவால் கெ வேங்க ஒ நோ." அவன் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. "கெ" வந்தால் சப்ஜங்டிவ், ஆகவே "வேங்க".

"மெ டா இகுவால் ஸி வியேனெ ஒ நோ." பொருள் ஏறத்தாழ அதேதான். "ஸி" வந்தால் சாதாரண வினை, ஆகவே "வியேனெ".

இவற்றைக் கலந்து "ஸி வேங்க" என்பதுதான் பொதுவான பிழை. புதிதாகச் சப்ஜங்டிவ் படித்தவர்கள் எல்லா இடத்திலும் அதைத் தெளிப்பார்கள். சந்தேகம் வந்தால் "ஸி" வழியில் போங்கள். பிழைக்கு இடம் குறைவு.

இதற்கு அடுத்து ஓர் அழகான அமைப்பு: ஒரே சப்ஜங்டிவ் வினையை இரண்டு முறை சொல்லி, நடுவில் உறவுச்சொல்லை வைப்பது. "பாஸெ லொ கெ பாஸெ", என்ன நடந்தாலும். "வேங்க கியேன் வேங்க", யார் வந்தாலும். "டீகன் லொ கெ டீகன்", யார் என்ன சொன்னாலும். "குவேஸ்த்தெ லொ கெ குவேஸ்த்தெ", விலை எவ்வளவானாலும், என்ன பாடுபட்டாலும். "ஸேய லொ கெ ஸேய", எதுவாக இருந்தாலும்.

நம் "-ஆலும்" விகுதி ஒற்றை வினையில் செய்வதை இங்கே வினையை இரட்டித்துச் செய்கிறார்கள். ஆகவே தமிழில் யோசித்து, "-ஆலும்" வந்தவுடன் வினையை இரட்டியுங்கள். இரண்டு பக்கமும் சப்ஜங்டிவ் இருக்க வேண்டும். "வேங்க கியேன் வியேனெ" என்று இரண்டாவதைச் சாதாரணமாக்கினால் வாக்கியம் நொண்டும்.

8. "நோ மெ இம்ப்போர்த்த": அனுமதிக்கு மட்டும்

பேருந்திலோ காத்திருக்கும் அறையிலோ ஒருவர் கேட்கிறார்: "தெ இம்ப்போர்த்த ஸி மெ ஸியேந்த்தொ அக்கீ?" நான் இங்கே உட்கார்ந்தால் உனக்கு இடைஞ்சலா?

நாம் "உட்காரலாமா?" என்று கேட்டதாக எண்ணி "ஸீ, ஸீ" என்று தலையாட்டுகிறோம். அதன் பொருள் "ஆமாம், இடைஞ்சல்தான்". அவர் குழம்பி நிற்பார். சரியான பதில் இல்லை என்று தொடங்கும்: "நோ, நோ, ஸியேந்த்தத்தெ." பதிலின் கடைசியில் இருக்கும் "உட்கார்" என்ற வினைதான் சந்தேகத்தைத் தீர்ப்பது, வெறும் "நோ"வும் தெளிவில்லை.

இதே "நோ மெ இம்ப்போர்த்த"வை "டீயா காபியா?" என்ற கேள்விக்குப் பதிலாகச் சொன்னால், எனக்கு அதில் அக்கறையில்லை என்று கொஞ்சம் வெடுக்கென்று கேட்கும். சொல்லக்கூடாது என்றில்லை, ஆனால் அங்கே "மெ டா இகுவால்" மென்மையானது. ஒருவருடைய துன்பத்தைப் பற்றிப் பேசும்போது இரண்டுமே கூடாது.

சில தொடர்கள் அனுமதி போலத் தோன்றி எச்சரிக்கையாக இருக்கும். "அயா தூ" என்றால் "உன் பாடு, பிறகு என்னிடம் வராதே". "தூ வெராஸ்" ஏறத்தாழ அதே. "கோமொ கியேரஸ்"கூட, வாக்குவாதத்துக்குப் பின் தட்டையான குரலில் வந்தால், நாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்லும் "உன் இஷ்டம்" தான். சொல் ஒன்று, குரல் வேறு. நீங்கள் நல்லெண்ணத்தோடு சொல்வதாயின் முன்னால் ஒரு "க்லாரொ" (நிச்சயமாக, "காந்தி"யின் க அல்ல, வல்லொலி) சேருங்கள்.

9. கடுமையானவை: காதுக்கு மட்டும்

இந்தப் பட்டியல் புரிந்துகொள்வதற்கு. புதிதாகக் கற்பவர் வாயில் இவை வந்தால் இருமடங்கு கடுமையாகத் தெரியும். உச்சரிப்பில் தயங்குகிறவர் வசையில் மட்டும் தேர்ச்சி காட்டினால் சிரிப்பும் வரும், கோபமும் வரும்.

"மெ இம்ப்போர்த்த உன் கொமீனொ": எனக்கு ஒரு சீரகத்தின் அளவுக்குத்தான் முக்கியம், அதாவது துளியும் இல்லை. அதே அச்சில் வெள்ளரி (பெப்பீனொ), குடைமிளகாய் (பிமியேந்த்தொ), கீரை வகையான ப்லேதொ எல்லாம் வரும். கவனியுங்கள்: இவற்றில் "நோ" இல்லை. "எனக்கு முக்கியம், ஒரு சீரகம் அளவு" என்று உடன்பாட்டில் சொல்வதே அமைப்பு. பேச்சில் இவை ஆபாசம் அல்ல. ஆனால் கோபம் தெரியும். காய்கறிக்குப் பதில் உடலுறுப்புப் பெயர்கள் வரும் வடிவங்களும் ஏராளம். அவற்றை எழுதப்போவதில்லை, தெருவில் தானாகவே கிடைக்கும்.

"மெ த்ராயெ ஸின் குயிதாதொ" அல்லது "மெ தியேனெ ஸின் குயிதாதொ": அதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. படித்தவர் பேச்சில் வரும் குளிர்ந்த அலட்சியம். "நி மெ வா நி மெ வியேனெ": எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. "கே மாஸ் டா": என்ன வந்துவிடப்போகிறது, விடு. கடைசியாகச் சொன்னது ஆறுதலாகவும் வரும். ஆகவே இந்தக் கூட்டத்தில் அது மட்டும் பயன்படுத்தலாம்.

ஒன்றில் ஆர்வமில்லை என்பதை மென்மையாகச் சொல்ல இவை எதுவும் வேண்டாம். "எல் ஃபூத்வொல் நோ மெ யாம மூச்சொ ல அத்தென்ஸியோன்" என்றால் கால்பந்து என்னை அவ்வளவாக ஈர்ப்பதில்லை. காரியம் முடிந்தது, கால்பந்து ரசிகரும் நண்பராகவே இருப்பார்.

10. நாடு மாறினால்

ஒரே சொல்லை மட்டும் எச்சரிக்கிறேன்: "வாலெ". ஸ்பெயினில் "வாலெ" என்றால் "சரி". நாள் முழுவதும் கேட்கலாம். அங்கே "மெ வாலெ குவல்க்கியேர" என்றால் எது கொடுத்தாலும் எனக்குப் போதும். மாட்ரிட்டில் பழகிய அதே "மெ வாலெ"வை மெக்சிகோவில் சொன்னால் "எனக்கு ஒரு மயிரும் இல்லை" என்ற தொனிக்குப் பக்கத்தில் போய்விடும். மேலதிகாரியிடம் சொன்னால் விளக்கம் கொடுக்க நேரிடும். மெக்சிகோவில் இருக்கும்வரை "மெ டா இகுவால்", "மெ டா லொ மீஸ்மொ" இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; அவை எல்லா நாட்டிலும் செல்லும்.

ஸ்பெயினில் "பாஸொ" என்பதும் அடிக்கடி வரும்: "பாஸொ டெ இர்" என்றால் நான் போகப்போவதில்லை, எனக்கு அதில் ஈடுபாடில்லை. நண்பர்களுக்குள் சரி. அழைத்தவரிடமே சொன்னால் அழைப்பைத் தள்ளிவிட்டதாக ஆகும்.

11. பழகும் வரிசையும் எழுதும்போது கவனமும்

முதலில் "லொ கெ கியேரஸ்" குடும்பத்தை வாய்க்குக் கொண்டுவாருங்கள். அடுத்து "மெ டா இகுவால்", பிறகு இரண்டையும் சேர்த்து. "குவல்க்கியேர" மூன்றாவது. பெரும்பாலான பட்டியல்கள் "மெ டா இகுவால்" முதலில் வைக்கும். நான் மாற்றி வைக்கச் சொல்வது ஏனென்றால், அவசரத்தில் முதலில் கற்றதுதான் வாயில் வரும். அவசரத்தில் வருவது "உன் விருப்பப்படி" என்பதாக இருந்தால் யாருக்கும் மனம் நோகாது.

கூட ஒருவர் இருந்தால் இப்படிப் பழகலாம். அவர் இரண்டு பொருளைச் சொல்லிக் கேட்க வேண்டும். நீங்கள் முதல் முறை முடிவை அவரிடம் விட வேண்டும். அவர் மறுபடி கேட்டதும் "காஸி ப்ரெஃபியேரொ" என்று ஒன்றில் சாய வேண்டும். இடையிடையே அவர் மன்னிப்புக் கேட்பார், உட்காரலாமா என்பார். அப்போது "மெ டா இகுவால்" நழுவி விழுகிறதா என்று பார்க்க வேண்டும். டி.இ.எல்.இ. என்ற ஸ்பானிஷ் மொழித்தேர்வின் தொடக்க, இடைநிலைகளில் தேர்வாளரோடு ஒரு சூழலை நடித்துப் பேசும் பகுதி உண்டு. அதில் இந்த மாதிரிப் பேச்சுப் பரிமாற்றம் நன்றாகவே கைகொடுக்கும்.

எழுதும்போது சாய்குறி. "எனக்கு" என்ற "அ மீ"யின் மீ-க்கும், "நீ" என்ற தூ-க்கும் உயிரெழுத்தின் மேல் குறி உண்டு. "அ தீ"யின் தீ-க்குக் கிடையாது. ஸ்பானியர்களே இதில் தவறுவதுண்டு. "டா"வுக்கும் குறி இல்லை. "கே மாஸ் டா"வில் கே, மாஸ் இரண்டுக்கும் உண்டு. "லொ கெ கியேரஸ்"ஸின் கெ-க்குக் கூடாது. போட்டால் அது கேள்விச்சொல்லாகிவிடும்.

குறுஞ்செய்தியில் ஒன்று கூடுதல். வெறும் "மெ டா இகுவால்" என்று அனுப்பினால் குரலும் இல்லை, முகமும் இல்லை. படிப்பவர் கோபம் என்றே எடுத்துக்கொள்வார். எழுத்தில் அதை "போர் மீ, பியேன்" (என் பக்கம் சரிதான்) என்று மாற்றி, அடுத்த வரியில் நேரத்தையோ இடத்தையோ நீங்களே ஒன்று முன்மொழிந்துவிடுங்கள்.